நாமினி யார்? வாரிசு யார்?
காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதும் பெயர் குறித்துச் சில விளக்கங்கள்



உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் விதவைச் சகோதரிகளிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "கணவர் பெயரில் இன்சூரன்ஸ் ஏதாவது இருந்ததா?" என்பது. பெரும்பாலும் "தெரியாதுங்க" என்பதே பதில். வீட்டுக்குப் போய் பீரோவையும் பெட்டியையும் தேடிப் பார்க்கச் சொல்கிறோம். சிலருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. சிலருக்குப் பழைய பாஸ்புக்குக்குள் மடித்து வைத்த பாலிசி பத்திரம் கிடைக்கிறது. அதிலும் பெரிய சங்கடம், பத்திரம் உயிரோடு இருக்கும், அதில் எழுதியிருக்கும் நாமினி உயிரோடு இருக்கமாட்டார் என்பதுதான். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி. உம்மாவின் பெயர் எழுதியிருக்கும். உம்மா மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். பணம் அங்கேயே இருக்க, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்தச் சகோதரி நம் வாசலில் நிற்பார்.

இன்சூரன்ஸ் எடுப்பது கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவுக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கி நடத்தும் வணிகக் காப்பீடு கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் அடிப்படையில் அமையும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் முடிவு சொன்னது. மேற்கொண்டு விளக்கம் வேண்டுவோர் தங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் விரும்பி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நம்மில் பலர் பெயரில் ஏதோ ஒரு காப்பீடு இருக்கவே செய்கிறது. பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதோடு சேர்ந்த காப்பீட்டுத் திட்டத்தில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வங்கியில் ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் கணக்கில் வருடத்துக்கு 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிகிறது. முதலாவது, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். இரண்டாவது, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தரும் சுரக்ஷா திட்டம். குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்குப் போகும் சகோதரர்களுக்கு 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதீய பீமா கட்டாயம். வீட்டுக் கடன் வாங்கினால் அதோடு ஒரு பாலிசியைச் சேர்த்துவிடுகிறார்கள். இவை எல்லாவற்றின் படிவத்திலும் நாமினி என்று ஒரு கட்டம் உண்டு. பல சமயம் அதை நிரப்புவது நாமல்ல. ஏஜென்ட், வங்கி ஊழியர், அல்லது டிராவல்ஸ்காரர். என்ன எழுதினார் என்று நாம் பார்ப்பதும் இல்லை.

நாமினி என்பவர் வாங்கும் கை

நாமினி என்றால் அந்தப் பணத்துக்கு முழு உரிமையாளர் என்றே நம் மக்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். "அத்தா என் பேரைத்தானே எழுதி வைத்தார்கள், பிறகு தங்கச்சிக்கு என்ன பங்கு?" என்று கேட்டவர்களும் உண்டு.

1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 39ஆம் பிரிவுதான் நாமினி பற்றிப் பேசுகிறது. அந்தப் பிரிவுக்குப் பொருள் சொல்லி 1983இல் உச்ச நீதிமன்றம் சர்பதி தேவி வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. நாமினி என்பவர் கம்பெனியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்ற கை மட்டுமே. வாங்கிய பணம் இறந்தவரின் வாரிசுகளுக்கு அவர்களுடைய வாரிசுரிமைச் சட்டப்படி போய்ச் சேரவேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் பாஷையில் சொன்னால், நாமினியின் கையில் வருவது அமானிதம். அதைத் தன் பணமாக்கிக்கொள்பவர் யத்தீம்களின், விதவையின் ஹக்கை எடுத்துக்கொள்கிறார்.

2015இல் வந்த சட்டத் திருத்தம் இதில் ஒரு மாற்றம் செய்தது. தன் உயிர் மேல் பாலிசி எடுத்தவர், தன் தாய் தந்தையையோ, வாழ்க்கைத் துணையையோ, பிள்ளைகளையோ நாமினியாக எழுதியிருந்தால், அவர்களே அந்தத் தொகைக்கு உரியவர்கள் என்று அது சொல்கிறது. அண்ணன், தம்பி, மருமகன், பேரன் என்று வேறு யாரை எழுதினாலும் பழைய நிலைதான். அவர்கள் வாங்கும் கை மட்டுமே. இந்தத் திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தையே மிஞ்சுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. மற்ற வாரிசுகள் தங்கள் பங்கைக் கேட்டு வந்தால் நாமினியின் உரிமை அதற்கு மேலே நிற்காது என்று 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. அது ஓர் இந்துக் குடும்பத்தின் வழக்கு. நம்முடைய வாரிசு விஷயங்களுக்கு 1937ஆம் வருட ஷரீஅத் சட்டம் பொருந்துகிறது.

நீதிமன்றம் எப்படிச் சொன்னாலும், மார்க்கத்தில் இதற்கு விடை தெளிவு. படிவத்தின் ஒரு கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதியதால், பெற்ற உம்மாவின் ஆறில் ஒரு பங்கு ரத்தாகிவிடாது. சூரத்துன்னிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் அந்தப் பங்குகளை வரையறுத்திருக்கின்றன. சட்டம் கையில் கொடுத்துவிட்டது என்பதற்காக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், அலுவலகத்தில் நாங்கள் சொல்லும் பதில், வாங்கலாம், ஆனால் பங்கிட்டுக் கொடுங்கள் என்பதே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் மௌத்தாகிறார். தந்தை முன்பே காலமாகிவிட்டார். உம்மா, மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். ஜனாஸாச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போகப் பங்கிட வேண்டிய தொகை 7,20,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 90,000. உம்மாவுக்கு ஆறில் ஒன்று, 1,20,000. மீதி 5,10,000இல் மகனுக்கு 3,40,000, மகளுக்கு 1,70,000. நாமினியாக மனைவி பெயர் மட்டும் இருந்தால் முழுத் தொகையும் அவர் கணக்குக்குத்தான் வரும். உம்மா பெயர் மட்டும் இருந்தால் உம்மா கணக்குக்கு வரும். மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாத வீடாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, மனைவியின் மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன். பங்கு பிரிப்பதற்கு முன் அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நம் ஊர்களில் மஹரைத் தஃப்தரில் எழுதுவதோடு மறந்துவிடுகிறார்கள். மையித்தை அடக்கிய பிறகு அதை நினைவூட்டும் ஆண்களை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. இரண்டாவது, இன்சூரன்ஸில் வரும் தொகை முழுவதும் பாகப் பிரிவினைக்குள் வருமா என்பது. இறந்தவர் கட்டிய பிரீமியம் அளவு அவருடைய சொத்து. அதற்கு மேல் வருவதைப் பற்றி ஆலிம்கள் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எனவே தொகை வந்தவுடன் ஃபராயிள் தெரிந்த ஓர் ஆலிமிடம், கட்டியது எவ்வளவு வந்தது எவ்வளவு என்ற விவரத்தோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

பெண் பிள்ளைகள் மட்டும் உள்ளவர்கள் அடிக்கடி வந்து கேட்கும் கேள்வி ஒன்று. பெற்றோர் இல்லை, மகன் இல்லை. மனைவி, இரண்டு மகள்கள், கூடப்பிறந்த ஒரு சகோதரர் என்று வைத்துக்கொள்வோம். 24 லட்சத்தில் மனைவிக்கு 3 லட்சம், மகள்களுக்கு 16 லட்சம், மீதி 5 லட்சம் சகோதரருக்கு. "என் பிள்ளைகளுக்கே எல்லாம் போகவேண்டும், அவர்கள் பெயரை நாமினியாகப் போட்டுவிட்டால் போதுமா?" என்கிறார்கள். சட்டப்படி மகள்கள் முழுவதையும் வாங்கிவிட வாய்ப்பு உண்டு. அதனால் சகோதரரின் ஹக் மார்க்கத்தில் இல்லாமல் போகாது. பெண் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய விரும்பும் தகப்பன், ஹயாத்தோடு இருக்கும்போதே பிள்ளைகளிடையே நீதமாக ஹிபா கொடுத்து, அதை அவர்கள் கைவசம் ஒப்படைத்துவிடும் வழி இருக்கிறது. அந்தச் சகோதரரும், அண்ணன் பிள்ளைகள் யத்தீம்களாக நிற்கும்போது தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை. விட்டுக்கொடுக்கச் சொல்லி நெருக்கடி செய்வதோ, அவருக்குப் பங்கு உண்டு என்பதையே மறைப்பதோ சரியல்ல.

பேரப்பிள்ளைகளின் விஷயம்

நாங்கள் மிகவும் வருத்தத்தோடு பார்க்கும் நிலை இது. ஒருவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் தகப்பன் ஹயாத்தோடு இருக்கும்போதே இறந்துவிடுகிறார்; அவருக்குச் சிறு பிள்ளைகள். பிறகு பாட்டனார் மௌத்தாகிறார். இளைய மகன் இருப்பதால், மூத்தவரின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசு என்ற முறையில் பங்கு வராது. நம் ஃபராயிள் முறைப்படி இது எல்லோரும் அறிந்ததே. ஆனால் இதற்குப் பரிகாரம் உண்டு என்பதைச் சொல்ல ஆள் இல்லை. வாரிசல்லாதவருக்கு, கடன் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். அந்த வஸிய்யத்துக்கு இந்தப் பேரப்பிள்ளைகளைவிட உரியவர்கள் யார்?

சில பாட்டனார்கள் இதை நினைத்தே பாலிசியில் பேரன் பெயரை நாமினியாக எழுதுகிறார்கள். நோக்கம் நல்லது, வழி போதாது. மேலே சொன்னபடி 2015 திருத்தம் பெற்றோர், துணை, பிள்ளைகள் என்ற மூவருக்குத்தான். பேரன் அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பா வந்து கேட்டால் பேரன் வாங்கிய பணத்தை ஒப்படைக்க வேண்டியவனாகிறான். அதனால் நாமினியாகவும் எழுதுங்கள், அதோடு ஒரு வஸிய்யத்தும் எழுதுங்கள். இந்தியச் சட்டத்தில் முஸ்லிமின் வஸிய்யத் வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஆனால் வாய்மொழி வஸிய்யத்தை நம்பிச் சண்டை போட்ட குடும்பங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். வெள்ளைத்தாளில், பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, யாருக்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். மகன், மகள், மனைவி போன்ற வாரிசுகளுக்கு வஸிய்யத் செய்வது, மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

மைனர் பிள்ளையை எழுதும்போது

18 வயதாகாத பிள்ளையை நாமினியாக எழுதினால், அந்தப் பிள்ளை மேஜராகும் வரை பணத்தை வாங்கிக்கொள்ள ஒரு பெரியவரையும் குறிப்பிட வேண்டும். படிவத்தில் அவரை அப்பாயின்டி என்பார்கள். இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதன் விளைவு நம் சமூகத்துப் பெண்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வலிக்கும்.

காரணம் இதுதான். பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. ஆனால் இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் சட்டத்தில், மைனரின் சொத்துக்குக் காப்பாளர் என்ற வரிசையில் முதலில் தகப்பன், பிறகு தகப்பன் நியமித்தவர், பிறகு தகப்பனைப் பெற்ற பாட்டனார், பிறகு அவர் நியமித்தவர். தாய் அந்த வரிசையில் இல்லை. 1918இல் பிரிவி கவுன்சில் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆகவே கணவர் இறந்த பின், அப்பாயின்டி பெயர் இல்லாத பாலிசிக்காக, பெற்ற தாயே நீதிமன்றத்துக்குப் போய் 1890ஆம் வருடக் காப்பாளர் சட்டத்தின் கீழ் உத்தரவு வாங்கி வரவேண்டிய நிலை வரலாம். கணவர் உயிரோடு இருக்கும்போது ஒரு கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை. வக்கீல் கட்டணம் இல்லை. வாய்தா இல்லை.

அப்பாயின்டியாக யாரை எழுதுவது என்பதைக் குடும்பம் பார்த்து முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் தாய் என்பதே பெரும்பாலான வீடுகளில் சரியான பதில் என்பது எங்கள் அபிப்பிராயம். பெரியப்பா, சித்தப்பா என்று எழுதுவது மரியாதைக்கு நன்றாக இருக்கும். பணம் வரும்போது அவர் சொந்த வியாபாரத்தில் எந்த நிலையில் இருப்பார் என்று யார் சொல்ல முடியும்? பிள்ளை 18 வயதை எட்டிவிட்டால் அப்பாயின்டிக்கு வேலை இல்லை. பிள்ளையே வாங்கலாம்.

எப்போதெல்லாம் மாற்ற வேண்டும்

பி.எஃப். விஷயத்தில் ஒரு விதி இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி, கல்யாணமாகிக் குடும்பம் அமைந்ததும் தானாகவே செல்லாமல் போய்விடும். இதைக் கேள்விப்பட்டவர்கள், ஆயுள் காப்பீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆயுள் காப்பீட்டில் அப்படி இல்லை. நிக்காஹ் ஆனாலும், பிள்ளை பிறந்தாலும், தலாக்கோ குலாவோ ஆனாலும், மறுமணம் செய்தாலும், நீங்களாகப் போய் மாற்றும் வரை பழைய பெயர்தான் நிற்கும். தலாக் ஆகி இத்தா முடிந்த பெண் வாரிசல்ல. ஆனால் பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால் கம்பெனி அவரிடம்தான் கொடுக்கும். கம்பெனி மேல் பிறகு வழக்குப் போட முடியாது. பதிவில் இருக்கும் நாமினிக்கு நல்லெண்ணத்தில் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு முடிந்தது.

நாமினி இறந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். இரண்டு பேரை எழுதி ஒருவர் இறந்தால், உயிரோடு இருப்பவருக்குப் போகும். ஒருவரை மட்டும் எழுதி அவரும் இறந்துவிட்டால், தொகை பாலிசிதாரரின் வாரிசுகளுக்கு. அதற்குத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். தொகை பெரிதாக இருந்தாலோ வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலோ நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழே வேண்டும் என்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்களை எழுதவும், ஒவ்வொருவருக்கும் இத்தனை சதவீதம் என்று குறிக்கவும் இடம் உண்டு. உம்மாவையும் மனைவியையும் சேர்த்து எழுதலாம். அப்படி எழுதினால் பாதி மனஸ்தாபம் குறைகிறது என்பது எங்கள் அனுபவம்.

பாலிசியை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடனுக்காக எழுதிக் கொடுத்தால், கடன் கொடுத்தவருக்கு உரிய தொகை போக மீதிதான் நாமினிக்கு. கடனல்லாத வேறு காரணத்துக்காகப் பாலிசியையே இன்னொருவர் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்தால் நாமினி நியமனம் ரத்தாகும். பாலிசி திரும்பி உங்கள் பெயருக்கு வந்தால் பழைய நாமினியே மறுபடி வருவார். அவர் இன்றைக்கும் பொருத்தமானவர்தானா என்று அப்போதே பாருங்கள்.

திருமணமான ஆண், மனைவி மக்களுக்கென்றே பாலிசி எடுக்க இன்னொரு வழியும் உள்ளது. 1874ஆம் வருடத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் எடுக்கும் பாலிசி அது. சென்னை மாகாணத்தில் எடுக்கப்படும் முஸ்லிம்களின் பாலிசிகளுக்கு இந்தப் பிரிவு 1913ஆம் வருட முடிவிலிருந்தே பொருந்துகிறது. மற்ற இடங்களுக்கு 1923இல்தான் வந்தது. இதில் பெயர் எழுதிய மனைவி மக்களுக்காகப் பாலிசி ஒரு டிரஸ்டாக நிற்கும். எடுத்தவரே பிறகு நினைத்தால்கூட மாற்ற முடியாது. கடன்காரர்களும் கை வைக்க முடியாது என்று சொல்லித்தான் வியாபாரிகளிடம் இதை விற்கிறார்கள். கடன் தீராமல் மௌத்தாவதன் பாரம் என்ன என்பது நமக்குத் தெரியும். கடன்காரரிடமிருந்து ஒளித்து வைக்கும் எண்ணத்தில் இதை எடுப்பவரோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. உம்மாவுக்கும் இதில் இடம் இல்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயரை எப்படி எழுதுவது

படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். எங்கள் அலுவலகத்தில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். பத்திரத்தில் பாத்திமா பீவி, ஆதாரில் ஃபாத்திமா பேகம், வங்கியில் வெறும் பாத்திமா. மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. முகம்மது, முஹம்மது, மொஹமத் என்று ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும் நம் வீடுகளில் உண்டு. அத்தாவின் பெயர் இன்ஷியலாக முன்னால் ஒரு ஆவணத்தில், முழுப் பெயராகப் பின்னால் இன்னொன்றில். வீட்டில் கூப்பிடும் பெயரையே ஏஜென்டிடம் சொல்லிவிட்டவர்களும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட மகளின் ஆதாரும் பழைய பத்திரமும் பொருந்துவதில்லை.

நாமினியின் ஆதார் அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஆங்கில எழுத்துக்களை ஒன்றுவிடாமல் அப்படியே எழுதுங்கள். பிறந்த தேதியும் அதன்படியே. உறவு என்ற கட்டத்தில் மனைவியா, தாயா, மகளா என்பதைச் சரியாக எழுதுங்கள். மேலே சொன்ன திருத்தத்தின்படி அந்த ஒரு சொல்லில் உரிமையே மாறுகிறது. நாமினிக்கு அவர் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். பணம் கணக்குக்குத்தான் வரும்.

மாற்றும் முறை சிரமமானதல்ல. பாலிசி இருக்கும் கிளையில் நாமினி மாற்றும் படிவம் வாங்கி நிரப்பி, பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். இணையத்தில் மாற்ற வசதி தரும் கம்பெனிகளும் உண்டு. கம்பெனியின் பதிவில் ஏறினால்தான் மாற்றம் செல்லும். வீட்டில் பத்திரத்தின் மேல் பேனாவால் அடித்து எழுதுவதற்கு மதிப்பில்லை. பதிவு செய்ததற்கு எழுத்து மூலமான ஒப்புகை தரவேண்டியது கம்பெனியின் கடமை. அதைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாமினியிடம் சம்மதமோ கையெழுத்தோ வாங்கத் தேவையில்லை. ஆனால் பத்திரம் எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். சஃபரில் இருக்கும் சகோதரர்கள் பத்திரத்தைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பி வைக்கலாம்.

மௌத்துக்குப் பிறகு

இத்தாவில் இருக்கும் சகோதரி கம்பெனி வாசலில் நிற்க வேண்டியிருக்குமே என்று சிலர் நான்கு மாதம் பத்து நாள் முடியும் வரை காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமில்லை. கோரிக்கைப் படிவத்தில் வீட்டிலேயே கையெழுத்து வாங்கி, இறப்புச் சான்றிதழ், பத்திரம், ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரத்தோடு சகோதரரோ மகனோ கொண்டுபோய்க் கொடுக்கலாம். 436 ரூபாய் திட்டத்துக்கு வங்கிக் கிளையிலேயே கோரிக்கை கொடுக்க வேண்டும். இறந்தவரின் பாஸ்புக்கில் மே, ஜூன் மாதப் பதிவுகளைப் பாருங்கள். அந்தத் தொகை கழிந்திருந்தால் கேளுங்கள். கேட்காதவரைத் தேடி யாரும் வருவதில்லை.

பழைய பாலிசி இருந்ததாக ஞாபகம், பத்திரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி. கேட்பாரற்றுக் கிடக்கும் தொகைகளைத் தேடும் வசதியை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துப் பார்க்கலாம். பத்து வருடம் கேட்காமல் கிடந்தால் தொகை மத்திய அரசின் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அங்கே போன பிறகும் 25 வருடம் வரை உரியவர் கேட்டு வாங்க முடியும். கம்பெனி சரியான பதில் தராவிட்டால், முதலில் அதன் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். பிறகு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல், வக்கீல் இல்லாமல் முறையிடலாம்.

வரும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஸருக்குப் பின் மஃரிப் வரை நமது அறக்கட்டளை அலுவலகத்தில் பத்திரங்களைப் பார்த்துத் தருகிறோம். பாலிசி பத்திரம் அல்லது அதன் நகல், உங்கள் ஆதார், நாமினியின் ஆதார், பாஸ்புக் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். நாமினி மாற்றும் படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம். வஸிய்யத் எழுத விரும்புவோருக்காக மாதத்தின் முதல் வெள்ளியன்று ஃபராயிள் தெரிந்த ஹஜ்ரத் ஒருவரும் உடன் இருப்பார். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. பத்திரத்தின் அசலை எங்களிடம் விட்டுச் செல்ல வேண்டாம். பார்த்த கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.